உப்பு இழுத்த தண்ணீர்

தொடர் – 7

பங்குனி வெயில். மரக்காணம் உப்பளத்தில் உப்புநீரின் அடர்த்தி 25 டிகிரியைத் தொட்டதும் பாத்தியில் உப்பு பூக்கத் தொடங்கும். அதைப் பலகையால் வாரி வரப்பில் குவிப்பார்கள். தண்ணீர் போகிறது, உப்பு நிற்கிறது. உப்பளத்தின் கதை அவ்வளவுதான்.

அதே உப்பு அடுக்களைக்கு வந்ததும் கதை திரும்புகிறது. நறுக்கிய மாங்காயில் ஒரு கைப்பிடி கல்லுப்பைப் பிசிறி ஜாடியை மூடி வையுங்கள். மறுநாள் காலையில் துண்டுகள் தண்ணீரில் ஊறிக் கிடக்கும். நாம் ஒரு சொட்டும் ஊற்றவில்லை. மாங்காய்க்குள் இருந்ததை உப்பு வெளியே இழுத்துவிட்டது.

உடம்புக்குள் புதைத்த மருந்தை, பேட்டரி இல்லாமல், ஓராண்டு முழுக்க யார் தள்ளுவது என்ற கேள்வியோடு போன வாரம் நிறுத்தினோம். விடை இந்த ஜாடிக்குள் இருக்கிறது.

1955. ஆஸ்திரேலியாவில் ரோஸ், நெல்சன் என்ற இருவர் ஆடுமாடுகளுக்குத் தொடர்ந்து மருந்து செலுத்த ஒரு கருவி செய்தார்கள். அதில் மூன்று அறைகள்: மருந்து, உப்பு, தண்ணீர். 1970களில் கலிஃபோர்னியாவின் ஆல்சா நிறுவனம் தண்ணீர் அறையையே எடுத்துவிட்டது. உடம்புக்குள்தான் வேண்டிய தண்ணீர் இருக்கிறதே!

2000ஆம் ஆண்டு, இதே முறையில் இயங்கிய 'வயாடர்' அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 45 மில்லிமீட்டர் நீளம், 4 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு டைட்டானியக் குழல். மேல்கையின் உட்புறத் தோலுக்கடியில் வைத்தார்கள். ஒரு முனையில் தண்ணீரை மட்டும் உள்ளே விடும் சவ்வு. அதை ஒட்டி உப்பு வில்லை. நாம் சோற்றில் போடும் அதே சோடியம் குளோரைடு. உப்பு நீரை இழுக்கும், உப்பி நடுவிலுள்ள அடைப்பை நகர்த்தும். மறுமுனைத் துளை வழியே லியூப்ரோலைடு என்ற மருந்து கசியும். நாளுக்குச் சுமார் 120 மைக்ரோகிராம், 12 மாதங்கள். புராஸ்டேட் புற்றுநோய் முற்றிய முதியவருக்கு ஆண்டுக்கு ஒரே ஒரு கீறல் போதுமானதாக இருந்தது. வலியோடு வாழ்பவருக்கு அது சின்ன வரமல்ல.

அடுத்து, அதே உப்பு என்ஜின் சர்க்கரை நோயை நோக்கித் திரும்பியது. எக்செனடைடு மருந்தை நிரப்பிய குழல். தினமும் ஊசி போட்டுக்கொள்ளும் வேதனைக்கு முடிவு என்ற நம்பிக்கை.

2023 செப்டம்பர் 21. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு கூடியது. இந்தக் குழலின் நன்மை, ஆபத்தைவிடப் பெரிதா? வாக்களித்தவர்கள் 19 பேர். 'ஆம்' என்றவர் ஒருவர்கூட இல்லை.

உப்பு எங்கே தடுமாறியது?

அடுத்த வாரம் பார்ப்போம்.