ரப்பர் பால் ஏன் உறைகிறது? அயனிகள் செய்யும் வேலை

நிபோங் திபால் வட்டாரத்தில் கலிடோனியா, பைராம், விக்டோரியா தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தலைமுறைக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: ஆசிட் ஊற்றினால் பால் உறையும்; அமோனியா ஊற்றினால் உறையாது. படிவம் 4 வேதியியலில் பிள்ளைகள் படிக்கும் அயனிகளே இதற்குக் காரணம்.

அயனி என்றால் என்ன?

அணுவில் புரோட்டான்களுக்கு நேர்மின்னூட்டம், எலக்ட்ரான்களுக்கு எதிர்மின்னூட்டம். இரண்டும் சம எண்ணிக்கையில் இருப்பதால் அணு நடுநிலையில் இருக்கிறது. எலக்ட்ரானை இழந்தால் அது நேர் அயனி. பெற்றால் எதிர் அயனி.

சோடியத்தின் 11 எலக்ட்ரான்களில் ஒன்று மட்டும் வெளிக்கூட்டில் உள்ளது. அதைக் குளோரின் பெற்றுக்கொள்கிறது. எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட இவ்விரண்டும் ஒன்றையொன்று ஈர்த்துச் சமையல் உப்பாகின்றன. இது அயனிப் பிணைப்பு.

எலக்ட்ரானைக் கொடுக்காமல் இரு அணுக்கள் பகிர்ந்துகொண்டால் அது சகப்பிணைப்பு. ரப்பரின் நீண்ட சங்கிலி இவ்வகை. அதன் ஒவ்வொரு கண்ணியிலும் 5 கார்பன், 8 ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன.

பாலுக்குள் நடப்பது

பாலில் மிதக்கும் ரப்பர் துகள்களைப் புரத உறை மூடியிருக்கிறது. அந்த உறைக்கு எதிர்மின்னூட்டம். அதனால் துகள்கள் ஒன்றையொன்று விலக்கி, ஒட்டாமல் மிதக்கின்றன.

ஃபார்மிக் அமிலம் நீரில் ஹைட்ரஜன் அயனிகளை வெளியிடுகிறது. இந்த நேர் அயனிகள் துகள்களின் மின்னூட்டத்தைச் சமன்செய்கின்றன. விலக்கம் நின்றதும் துகள்கள் மோதி, உறை உடைந்து, சங்கிலிகள் பின்னிக்கொள்கின்றன. பால் கட்டியாகிறது.

ஆசிட் ஊற்றாத மங்கிலும் மறுநாள் கட்டிப்பால் கிடப்பது ஏன்? பாக்டீரியாக்கள் பெருகி, அவையே அமிலத்தை உண்டாக்குகின்றன.

அமோனியாவின் வேலை இதற்கு நேர்மாறானது. அது ஹைட்ரஜன் அயனியைப் பிடித்து அம்மோனியம் அயனியாகிவிடும், பாக்டீரியாவையும் அடக்கும். அதனால்தான் பாலாகவே ஆலைக்கு அனுப்பும்போது அமோனியா சேர்க்கிறார்கள்.

கையுறை ஆலையிலும்

இயற்கை ரப்பர் கையுறை செய்யும்போது, கை வடிவ பீங்கான் அச்சை முதலில் கால்சியம் நைட்ரேட் கரைசலில் முக்குவார்கள். கால்சியம் 2 எலக்ட்ரான்களை இழந்த நேர் அயனியாக இருக்கிறது. அச்சைப் பாலில் இறக்கியதும், அந்த அயனிகள் பாலை அச்சின் மேல் மெல்லிய படலமாக உறைய வைக்கின்றன.

கவனம் தேவை

அடர் ஃபார்மிக் அமிலம் தோலைப் புண்ணாக்கும்; கண்ணைக் கெடுக்கும். கலக்கும்போது தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. மேலே பட்டால் உடனே ஓடும் நீரில் நெடுநேரம் கழுவி, மருத்துவரிடம் செல்ல வேண்டும். குடிநீர்ப் போத்தலில் ஆசிட்டை ஒருபோதும் ஊற்றி வைக்கக் கூடாது.