துப்பறியும் நாவலும் வாசகர் தீர்ப்பும்

இலக்கிய வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் கடந்து செல்லும் நூல்வகை ஒன்று உண்டு. நூலகத்தில் அடிக்கடி இரவல் பெறப்படுவதும், அட்டை கிழிந்து மீண்டும் மீண்டும் ஒட்டப்படுவதும், இலக்கியக் கூட்டங்களில் பெயர் சொல்லப்படாததும் அவ்வகையே. சிற்றூர் ஒன்றில் கொலை நிகழும், குருதி மிகுதியாகக் காட்டப்படாது, காவல்துறையினர் திகைப்பர், யாரும் பொருட்படுத்தாத ஒருவர் உண்மையைக் கண்டறிவார், ஊர் மீண்டும் அமைதியாகத் தேநீர் அருந்தும். அடுத்த நூலில் அதே மனிதர், வேறொரு கொலை. மெல்லிய நகைச்சுவையோடு இயலும் இத்தகைய துப்பறியும் தொடர்நாவல்களை ‘வெறும் பொழுதுபோக்கு’ என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், இவை தோன்றிய காலத்தையும் இவற்றைச் சுற்றி எழுந்த வாதங்களையும் நோக்குமிடத்து, அறிஞர் காணத் தவறிய ஒன்றை எளிய வாசகர் கண்டுகொண்டனர் என்பது புலப்படும்.

வாசகர் பெற்ற முதல் வெற்றி

துப்பறியும் கதையின் தோற்றத்தை அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1841இல் எழுதிய சிறுகதையிலிருந்து தொடங்குவது மரபு. அக்கதையின் துப்பறிவாளரான துப்பேன் என்பவரையே மேலும் இரு கதைகளில் அவர் கொண்டுவந்தார். ஒரே பாத்திரத்தைத் தொடர்ந்து உலவவிடும் முறை அங்கேயே வேர்விட்டது.

அம்முறையின் ஆற்றலை உலகறியச் செய்தவர் ஆர்தர் கானன் டாயில். 1887இல் அறிமுகமான ஷெர்லாக் ஹோம்ஸ், 1891 முதல் ‘ஸ்ட்ராண்ட்’ இதழில் வெளிவந்த சிறுகதைகளால் பெரும்புகழ் எய்தினார். வரலாற்று நாவல்களே தமக்கு நிலைத்த பெயரைத் தரும் என நம்பிய டாயில், 1893இல் ஹோம்ஸை அருவியில் விழுந்து மாண்டதாக எழுதி முடித்தார். வாசகர் அதனை ஏற்கவில்லை. கடிதங்கள் குவிந்தன, பலர் இதழ்ச் சந்தாவை நிறுத்தினர் என்பர். இறுதியில் ஆசிரியரே பணிந்தார். 1903இல் ஹோம்ஸ் உயிருடன் மீண்டார். ஒரு பாத்திரம் வாழ்வதும் மறைவதும் படைத்தவன் கையில் மட்டும் இல்லை என்பதை அன்று உலகம் கண்டது.

போருக்குப் பின் மலர்ந்த நகைச்சுவை

ஹோம்ஸ் பேரறிவாளர்; எல்லோரும் அஞ்சி மதிக்கும் மனிதர். இருபதாம் நூற்றாண்டின் இலகுவகைத் துப்பறியும் நாவலோ வேறு வகை மனிதரைத் தேடிச் சென்றது. அத்தேடலுக்கு முதல் உலகப் போர் பெருங்காரணமாயிற்று.

1914 முதல் 1918 வரை நடந்த அப்போரில் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் மாண்டனர். போர்க்காலத்தில் டார்க்கி நகர மருத்துவமனையின் மருந்தகத்தில் பணிபுரிந்த இளம்பெண் ஒருவர் நஞ்சுகளின் இயல்பை அங்கே கற்றார். அவரே அகதா கிறிஸ்டி. பெல்ஜிய நாட்டிலிருந்து தப்பி வந்த அகதிகள் அந்நகரில் தங்கியிருந்தனர். அவர்களைக் கண்ட நினைவிலிருந்தே ஹெர்கியூல் பாய்ரோ என்னும் துப்பறிவாளர் பிறந்தார். 1920இல் வெளிவந்த முதல் நாவலில் பாய்ரோ, பிறர் ஆதரவில் வாழும் அகதி. குள்ளமான உருவம், மெழுகிட்ட மீசை, அயல்நாட்டு உச்சரிப்பு ஆகியவற்றைக் கண்டு ஆங்கிலேயர் நகைத்தனர். நகைத்தவர்கள் அவர்முன் தம் வாயைக் கட்டுப்படுத்தவில்லை. அதனாலேயே உண்மை வெளிப்பட்டது.

இதனினும் கருதத்தக்கது மிஸ் மார்ப்பிளின் வரவாகும். போருக்குப் பின் எடுக்கப்பட்ட 1921ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, இங்கிலாந்திலும் வேல்சிலும் ஆண்களைவிடப் பெண்கள் பதினேழு இலட்சத்துக்கும் அதிகமாக இருந்தனர். மணம் புரிய வாய்ப்பில்லாப் பெண்களை ‘மிகுதிப் பெண்கள்’ என்று செய்தித்தாள்கள் எழுதின. சந்தையில் விலைபோகாத சரக்கைக் குறிப்பதுபோல மனிதரைக் குறித்த சொல் அது. இந்தச் சூழலில் டோரதி சேயர்ஸ் 1927இல் எழுதிய நாவலில், அவருடைய துப்பறிவாளர் பீட்டர் விம்சி பிரபு, மணமாகாத முதிய பெண்மணி ஒருவரை விசாரணைக்கு அமர்த்துகிறார். காவலர் கேட்டால் வாய்திறவாத ஊர், பின்னல் வேலையோடு வந்து அமரும் மூதாட்டியிடம் அனைத்தையும் சொல்லிவிடும் என்பது அவருடைய கணிப்பு. நாடு ‘மிகுதி’ என ஒதுக்கியவரிடம் நாவல் ஒரு பொறுப்பை ஒப்படைத்தது.

அதே 1927ஆம் ஆண்டின் இறுதியில் மிஸ் மார்ப்பிள் சிறுகதையொன்றில் தோன்றினார். 1930இல் முதல் நாவலுக்கு நாயகியானார். இவருக்கு முன்னோடியாக அமைந்தவர், 1926இல் வெளிவந்த ரோஜர் அக்ராய்டு கொலை பற்றிய நாவலில் வரும் கரோலின் என்னும் மணமாகாத நடுவயதுப் பெண். அந்நாவலை 1928இல் மேடை நாடகமாக்கியவர்கள் கரோலினை நீக்கிவிட்டு அழகிய இளம்பெண் ஒருத்தியைப் புகுத்தினர். மேடைக்கு வேண்டாதவராகிவிட்ட அம்மூத்த பெண்மணியே மிஸ் மார்ப்பிள் உருவில் பன்னிரண்டு நாவல்களிலும் இருபது சிறுகதைகளிலும் வாழ்ந்தார். 1976இல் கிறிஸ்டி மறைந்த பின்னரும் மார்ப்பிள் நாவல் ஒன்று வெளிவந்தது.

ஆட்டத்தின் அறம்

இந்நாவல்களை வாசகர் ஒரு போட்டியாகவே கொண்டனர். ஆசிரியர் புதிர் இடுவார். வாசகர் விடுவிக்க முயல்வார். போட்டி என்றால் நடுநிலை வேண்டும். ரோஜர் அக்ராய்டு நாவலின் முடிவு வெளியானபோது, ‘இது ஏமாற்று’ என்று சிலர் சினந்தனர். அனைவரையும் ஐயுறுவது வாசகர் கடமை என்று சேயர்ஸ் கிறிஸ்டிக்குத் துணை நின்றார். அம்முடிவை இங்கே வெளியிடுதல் முறையன்று. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக, படித்தவர் படியாதவருக்கு அதனைச் சொல்லாமல் காப்பதே நல்ல வாசகரிடையே நிலவும் எழுதாச் சட்டம்.

1929இல் கத்தோலிக்கப் பாதிரியாரும் எழுத்தாளருமான ரொனால்ட் நாக்ஸ் பத்து விதிகளை வகுத்தார். துப்பறிவாளர் காணும் தடயங்களை வாசகரும் காணவேண்டும். எதிர்பாரா விபத்தோ விளக்கவியலா உள்ளுணர்வோ அவருக்கு உதவலாகாது என்பன அவற்றுட் சில. கதையில் சீனர் இடம்பெறலாகாது என்றும் ஒரு விதி உண்டு. இன்று படிக்குங்கால் அது உறுத்தும். ஆயின், மலிவான நாவல்கள் சீனர் ஒருவரைத் தீயவராக நிறுத்தியே கதையை முடித்துவந்த வழக்கத்தை எள்ளுவதற்காகவே நாக்ஸ் அதனை எழுதினார். 1930இல் இலண்டனில் துப்பறியும் எழுத்தாளர் சங்கம் தோன்றியது. செஸ்டர்ட்டன் அதன் முதல் தலைவரானார். புதிய உறுப்பினர் மண்டையோட்டின்மீது கைவைத்து, வாசகரிடம் முக்கியத் தடயம் எதனையும் மறைப்பதில்லை என உறுதிமொழி எடுத்தனர். சடங்கு விளையாட்டானது; உறுதிமொழியின் பொருள் விளையாட்டன்று. 1935இல் பெங்குவின் நிறுவனம் ஆறு பென்ஸ் விலையில் வெளியிட்ட முதல் பத்து நூல்களுள் கிறிஸ்டியின் நாவல் ஒன்றும் சேயர்சின் நாவல் ஒன்றும் இடம்பெற்றன. சிகரெட்டுப் பெட்டியின் விலைக்கு ஒரு புதிர் கிடைத்தது.

அறிஞரின் கண்டனம்

வாசகர் பெருகியதும் கண்டனமும் எழுந்தது. 1944 அக்டோபரில் அமெரிக்கத் திறனாய்வாளர் எட்மண்ட் வில்சன், மக்கள் ஏன் துப்பறியும் கதைகளைப் படிக்கின்றனர் என்று வினவி ‘நியூயார்க்கர்’ இதழில் எழுதினார். மறுப்புக் கடிதங்கள் திரளாக வந்தன. வாசகர் பரிந்துரைத்த நூல்களைப் படித்த வில்சன், 1945 சனவரியில் முன்னினும் கடுமையாக எழுதினார். ரோஜர் அக்ராய்டைக் கொன்றவர் யாராயின் எவருக்கென்ன என்பதே அவர் கட்டுரைத் தலைப்பின் கருத்து. இடையில், 1944 டிசம்பரில், ரேமண்ட் சாண்ட்லரும் ஆங்கிலச் சிற்றூர்க் கொலைகள் உண்மை வாழ்வோடு ஒட்டாதவை எனச் சாடினார்.

இக்கண்டனத்தை முற்றிலும் பொய் எனல் இயலாது. பாத்திரங்கள் பல அட்டைப் பதுமைகளே. பணிப்பெண்கள் மூடராகவும் அயலார் ஐயத்துக்குரியராகவும் வந்துபோயினர். பேரரசின் மறுகோடியில் உழைத்த மக்களோ, ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர் சொல்லும் பழங்கதையில் பெயரின்றித் தோன்றி மறைந்தனர். எனினும் இவ்வகை தன்னைத் திருத்திக்கொள்ளும் ஆற்றலும் உடையது. 1953இல் வெளிவந்த ‘எ பாக்கெட் ஃபுல் ஆஃப் ரை’ என்னும் நாவலில் கிளாடிஸ் என்னும் பணிப்பெண் கொல்லப்படுகிறாள். ஆதரவற்றோர் இல்லத்திலிருந்து வந்த அவளுக்கு வீட்டுவேலை பழக்கியவர் மிஸ் மார்ப்பிள். இறந்தவளின் மூக்கில் துணி உலர்த்தும் கவ்வி மாட்டப்பட்டிருந்தது. அவ்விழிவைப் பொறாமல் சினந்து புறப்படுகிறார் மூதாட்டி. செல்வர் வீட்டுச் சொத்துச் சண்டையினும் அச்சிறுபெண்ணுக்கு நேர்ந்த அவமதிப்பே அவரை அங்கே அழைத்து வருகிறது. கிளாடிஸைக் கொன்றவர் யார் என்பது மிஸ் மார்ப்பிளுக்குப் பெரிது. அவரோடு சேர்ந்து வாசகருக்கும் பெரிது. வில்சனின் வினாவுக்கு இதனினும் நல்ல விடை இல்லை.

1948இல் கவிஞர் டபிள்யூ. எச். ஆடன், தாமே இவ்வகை நூல்களுக்கு அடிமை என ஒப்புக்கொண்டு ஒரு கட்டுரை வரைந்தார். குற்றத்தால் கெட்ட ஊர் மீண்டும் குற்றமற்ற நிலை எய்துவதைக் காணும் ஏக்கமே வாசகரை ஈர்க்கின்றது என்பது அவர் கருத்து. இரு பெரும்போர்களைக் கண்ட தலைமுறைக்கு அவ்வேக்கம் இயல்பானதே.

தமிழில் ஒரு சாம்பு

தமிழில் துப்பறியும் நாவல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பண்டித நடேச சாஸ்திரியாரால் தொடங்கப்பெற்றது. பின்னர் ஆரணி குப்புசாமி முதலியாரும் ஜே. ஆர். ரங்கராஜுவும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் அதனை வளர்த்தனர். நகைச்சுவையையே உயிராகக் கொண்ட துப்பறியும் தொடர் 1942இல் ஆனந்த விகடனில் தேவன் எழுதிய ‘துப்பறியும் சாம்பு’ ஆகும்.

அவ்வாண்டு எளிய ஆண்டன்று. பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஏப்ரலில் குண்டுவீச்சுக்கு அஞ்சி மக்கள் சென்னையை விட்டு வெளியேறினர். அத்தகைய காலத்தில் தமிழ் வாசகர்முன் வந்து நின்றவர் சாம்பு: வங்கிக் குமாஸ்தா, நீண்ட மூக்கு, எல்லாரும் அசடு என எண்ணும் மனிதர். தவறான இடத்துக்குப் போவார். தவறான ஆளைப் பிடிப்பார். அதுவே சரியான முடிவாக அமைந்துவிடும். எதிர்பாரா விபத்து உதவலாகாது என்பது நாக்ஸ் வகுத்த விதி. தேவனோ விபத்தையே முதலாக வைத்து வாணிகம் நடத்திக் காட்டினார். கதையில் உள்ளோர் சாம்புவை மேதை எனப் போற்றுவர். உண்மை அறிந்தவர் வாசகர் ஒருவரே. இதனால் வாசகருக்கும் சாம்புவுக்கும் இடையே ஒரு கள்ள நட்பு உண்டாயிற்று. அலுவலகத்தில் சிறுமைப்படுவோர் அனைவரும் அவருடைய வெற்றியைத் தம் வெற்றியாகக் கொண்டாடியதில் வியப்பில்லை.

கடல் கடந்த வளர்ச்சி

இவ்வகை நாவல் பின்னர்ப் பல நாடுகளில் வேர்கொண்டது. 1998இல் அலெக்சாண்டர் மக்கால் ஸ்மித், போட்ஸ்வானா நாட்டில் துப்பறியும் நிலையம் நடத்தும் ரமோட்ஸ்வே என்னும் பெண்மணியைப் படைத்தார். 2020இல் ரிச்சர்ட் ஆஸ்மன் எழுதிய நாவலில் முதியோர் குடியிருப்பில் வாழும் நால்வர் கொலை வழக்குகளை ஆராய்கின்றனர்.

சிங்கப்பூரும் மலேசியாவும் இவ்வரலாற்றில் இடம்பெற்றுவிட்டன. 2009இல் ஷமினி ஃபிளிண்ட் தொடங்கிய ஆங்கிலத் தொடரில், பருத்த உடலும் தலைப்பாகையும் கொண்ட சீக்கிய அதிகாரி இன்ஸ்பெக்டர் சிங், சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு அனுப்பப்படுகிறார். மேலதிகாரிகளுக்கு அவரைக் கண்டாலே பிடிக்காது. 2017இல் ஒவிடியா யூ தொடங்கிய தொடரின் களம் 1930களின் சிங்கப்பூர். இளம்பிள்ளை வாதத்தால் கால் தாங்கி நடக்கும் சூ லின் என்னும் சீனப் பெண் வெள்ளைக்காரக் காவல் அதிகாரிக்கு உண்மையைக் கண்டறிந்து தருகிறாள். ஒரு காலத்தில் தீயவராக மட்டுமே நாவலுக்குள் புகமுடிந்த இனத்தைச் சேர்ந்த பெண், இப்போது அந்நாவலின் அறிவாகவே விளங்குகிறாள்.

அகதி, மணமாகாத மூதாட்டி, அசடெனப்பட்ட குமாஸ்தா, மேலதிகாரி வெறுக்கும் காவலர், கால் தாங்கி நடக்கும் பெண் என இவ்வரிசையை நோக்கின் ஒரு பொதுமை புலனாகும். உலகம் யாரை உற்றுப் பார்க்கவில்லையோ அவரே உலகை உற்றுப் பார்த்தார். இந்நூல்களை இரவல் பெற்று இரவில் படித்தவர்களும் பெரும்பாலும் அத்தகையோரே. தங்கள் சொல்லுக்கும் ஒருநாள் அவையில் மதிப்பு உண்டாகும் என்னும் நம்பிக்கையை இந்நாவல்கள் அவர்களுக்கு நகைத்துக்கொண்டே அளித்தன. அட்டை கிழிந்த அந்நூல்களை மீண்டும் ஒட்டி அடுக்கும் நூலகர், அறியாமலேயே, அவர்தம் தீர்ப்பை உறுதிசெய்து வருகின்றனர்.