மடகாஸ்கரில் பிறந்த செம்மயிற்கொன்றை

மதுரையிலிருந்து பழநிக்குப் போகும் பேருந்து நிலக்கோட்டை, செம்பட்டி, ஒட்டன்சத்திரம் வழியாகப் போகும். தைப்பூசத்துக்கு பாதயாத்திரை வரும் பக்தர்களுக்கும் இதே வழிதான். நடந்து வருகிறவனுக்கு ஒரு மரம் என்னவென்று பேருந்தில் போகிறவனுக்குத் தெரியாது!

சாலையோரம் மரம் நடுவது இந்த நாட்டில் மிகப் பழைய வழக்கம். மனிதருக்கும் விலங்குக்கும் நிழல் வேண்டி ஆலமரங்கள் நட்டதாக அசோகர் தன் ஏழாம் தூண் கல்வெட்டில் சொல்கிறார். மதுரையை 1689 முதல் ஆண்ட ராணி மங்கம்மாள் சாலைகளுக்கும் சத்திரங்களுக்கும் பெயர் போனவர். நம் பக்கத்துச் சாலைகளில் புளியமரம்தான் ராஜா. வருடம் முழுக்க இலை இருக்கும், காற்றுக்கு அசையாது, காய்ப்பை ஏலம் விட்டால் வருமானமும் உண்டு.

இதற்கு நடுவே வந்து சேர்ந்த விருந்தாளிதான் செம்மயிற்கொன்றை. குல்மோகர் என்றால் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடம், தாலுகா ஆபீஸ், ரயில் நிலையம் என்று எங்கு பார்த்தாலும் மே மாதத்தில் தீப்பிடித்த மாதிரி சிவந்து நிற்கும். பூத்த சமயம் பார்த்துப் பள்ளிக்கூடம் லீவு! பூவின் மகரந்தத் தாளைக் கொக்கி போல மாட்டி இழுத்து, யாருடைய தலை அறுகிறது என்று சண்டை போடாத பிள்ளைகள் குறைவு.

இதன் சொந்த ஊர் மடகாஸ்கர் தீவின் வறண்ட காடுகள். 1820களில் வென்செல் போயர் என்ற தாவரவியலாளர் அங்கே இதைக் கண்டார். 1829ல் ஹூக்கர் இதற்கு 'பாயின்சியானா ரீஜியா' என்ற பெயரை வெளியிட்டார். கரீபியன் தீவுகளில் 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஆளுநராக இருந்த பாயின்சியின் பெயர் அது. பிறகு 'டெலோனிக்ஸ்' என்று மாறியது. மரத்துக்கும் அந்த ஆளுநருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது வேறு விஷயம்.

வளர்ப்பது சுலபம். விதைத் தோல் கல் மாதிரி இருக்கும். ஓரத்தில் லேசாகத் தேய்த்து, வெந்நீரில் ஊறப்போட்டு விதைத்தால் முளைத்துவிடும். நல்ல வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக்கூடாது. ஆனால் வேர் ஆழமாகப் போகாமல் பக்கவாட்டில் ஓடும். காம்பவுண்டுச் சுவரையும் நடைபாதையையும் தூக்கிவிடும். கிளையும் முறியும் ரகம். அதனால் கட்டிடத்தை விட்டுத் தள்ளித்தான் நடவேண்டும், சிறு வயதிலேயே கிளைகளைக் கவாத்து செய்ய வேண்டும். இன்னொரு குறையும் உண்டு. நம்மூர் வறட்சியில் வெயில் ஏறும்போது, நிழல் தேவைப்படுகிற அந்த நேரத்தில், இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும்.

இதில் ஒரு வேடிக்கை. இந்த அழகியின் உடன்பிறப்பு ஒன்று தமிழ்நாட்டிலேயே பல காலமாக இருக்கிறது. அதுதான் வாதநாராயணன்! இரண்டும் ஒரே டெலோனிக்ஸ் இனம். மூட்டு வலிக்குக் கீரையாகவும், வயலுக்குத் தழை உரமாகவும், ஆட்டுக்குத் தீனியாகவும் ஆகிற மரம். வெள்ளையாகப் பூத்து, பிறகு மஞ்சளாகும். வந்தவள் அரசாங்க வளாகத்தில் நிற்க, உடன்பிறந்தவள் தோட்டத்து வரப்பில் வேலை செய்துகொண்டிருக்கிறாள்.