ஏறும் படியும் இறங்கும் படியும்



தோட்டப் பள்ளி ஆசிரியனான எனக்கு, மாலை வேளையில் பிள்ளைகளோடு திடலில் நிற்பது பழகிப்போன ஒன்று. ஒரு நாள் ஆட்டம் முடிந்து வியர்வை உலர உட்கார்ந்திருந்தபோது, இங்கிலாந்துக் காற்பந்தைப் பற்றிப் பேச்சு வந்தது. ஆர்சனல் குழுவின்மீது உயிரையே வைத்திருக்கும் ஒரு மாணவனிடம், "உன் குழு ஒரு காலத்தில் இரண்டாம் பிரிவில் ஐந்தாவதாக வந்தும் முதற் பிரிவுக்குப் போனது, தெரியுமா?" என்று கேட்டேன். அவன் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்தவன், "அப்படியானால் மூன்றாவதாக வந்த குழு என்ன ஆனது, சார்?" என்றான். நல்ல கேள்வி. இன்றைய உரை அதற்கான பதிலே ஆகும்.

இங்கிலாந்தில் 'காற்பந்து லீக்' என்ற அமைப்பு 1888ஆம் ஆண்டில் 12 கழகங்களோடு தோன்றியது. அப்போது பிரிவு என்பது ஒன்றுதான். ஆண்டு முடிவில் கடைசி நான்கு இடங்களில் வந்த கழகங்கள், மீண்டும் சேர்த்துக்கொள்ளும்படி மற்றக் கழகங்களிடம் வாக்குக் கேட்டு நிற்க வேண்டும். 1890இல் ஸ்டோக் கழகம் அவ்வாறு நின்று தோற்று வெளியேறியது. அதன் இடத்தில் சண்டர்லந்து வந்தது. அதாவது, ஒரு கழகம் இருப்பதா போவதா என்பதைக் கடைசியில் முடிவு செய்தது பந்து அன்று. கூட்ட அறையில் உயர்ந்த கைகளே.

1892இல் இரண்டாம் பிரிவு உருவாயிற்று. முதற் பிரிவில் 16 கழகங்கள், இரண்டாம் பிரிவில் 12 கழகங்கள். இரண்டுக்கும் இடையே ஒரு படிக்கட்டு வேண்டுமல்லவா? அதற்காகச் 'சோதனை ஆட்டம்' என்ற முறை வகுக்கப்பட்டது. மேற்பிரிவின் கடைசிக் குழுக்கள், கீழ்ப்பிரிவின் முதற் குழுக்களோடு மோத வேண்டும். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் முதல் ஆண்டிலேயே இதன் குறை வெளிப்பட்டது. இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்ற ஸ்மால் ஹீத் கழகம், முதற் பிரிவில் கடைசி இடத்தில் இருந்த நியூட்டன் ஹீத் கழகத்திடம் சோதனையில் தோற்று, இருந்த இடத்திலேயே இருக்க நேர்ந்தது. பருவம் முழுவதும் பாடுபட்டுப் பெற்ற முதலிடம் ஒரு மோதலில் வீணாயிற்று. அந்த நியூட்டன் ஹீத்தான் 1902இல் மான்செஸ்டர் யுனைட்டெட் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

இதைவிடப் பெரிய குறை 1898இல் தெரிய வந்தது. அவ்வாண்டு நான்கு கழகங்கள் சோதனைக்கு நின்றன. மேலிருந்து ஸ்டோக்கும் பிளாக்பர்ன் ரோவர்சும். கீழிருந்து பர்ன்லியும் நியூகாசல் யுனைட்டெடும். கடைசி ஆட்டத்தில் ஸ்டோக்கும் பர்ன்லியும் எதிர்ப்பட்டன. சமநிலை கண்டால் இரண்டுமே முதற் பிரிவில் இடம்பெறும் என்ற நிலை. பிறகு என்ன நடந்திருக்கும் என்று நேயர்களே ஊகித்துக்கொள்வீர்கள். கோல் கம்பத்தை நோக்கிப் பந்தை உதைக்க எவருக்கும் மனம் வரவில்லை. வெறுத்துப்போன பார்வையாளர்கள், தங்கள் பக்கம் வந்த பந்தைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டார்கள் என்றும் சொல்வார்கள். ஆட்டம் கோல் எதுவுமின்றி முடிந்தது.

லீக் நிர்வாகம் இரண்டு காரியங்களைச் செய்தது. முதற் பிரிவை 18 கழகங்களாக விரித்து, நியூகாசலுக்கும் பிளாக்பர்னுக்கும் இடம் கொடுத்தது. சோதனை ஆட்டத்தை அடியோடு நீக்கி, பட்டியலின்படி இரண்டு கழகங்கள் ஏறுவது, இரண்டு கழகங்கள் இறங்குவது என்று விதி செய்தது. அடுத்த ஆண்டு, 1899இல், மான்செஸ்டர் சிட்டியும் கிளாசப் என்னும் சிற்றூரின் கழகமும் ஏறின. போல்டனும் ஷெபீல்டு வென்ஸ்டேயும் இறங்கின. இறங்கிய இரண்டும் 1900இலேயே மீண்டும் ஏறிவிட்டன. அவ்வாண்டு கீழே போனவை எவை தெரியுமா? கிளாசப்பும், சமநிலை கண்டு தப்பித்த அதே பர்ன்லியும்! குறுக்கு வழியில் காத்த இடத்தைப் பர்ன்லியால் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியவில்லை.

இனி மாணவனின் கேள்விக்கு வருவோம். முதல் உலகப் போரால் 1915இல் லீக் ஆட்டங்கள் நின்றன. 1919இல் மீண்டும் தொடங்கியபோது முதற் பிரிவு 20இலிருந்து 22 கழகங்களாக விரிந்தது. இரண்டாம் பிரிவில் முதல் இரண்டு இடங்களைப் பெற்றிருந்த டார்பி கவுண்டியும் பிரஸ்டனும் முறைப்படி ஏறின. முதற் பிரிவில் கடைசிக்கு முந்திய இடத்தில் இருந்த செல்சி, இறங்காமல் அங்கேயே இருக்க அனுமதி பெற்றது. எஞ்சிய ஓர் இடத்திற்கு வாக்கெடுப்பு நடந்தது. ஆர்சனலுக்கு 18 வாக்குகள். முதற் பிரிவில் கடைசியாக வந்த டாட்டன்ஹமுக்கு 8. இரண்டாம் பிரிவில் மூன்றாவதாக வந்த பார்ன்ஸ்லிக்கு வெறும் 5. ஆர்சனல் நீண்ட காலம் லீக்கில் இருந்த கழகம் என்பது அதன் சார்பில் சொல்லப்பட்ட காரணம். ஆனால் பட்டியலில் அதற்கு மேலே நான்காவதாக வந்த வுல்வர்ஹாம்ப்டன், லீக் தோன்றிய 1888 முதலே உறுப்பினர்! அதற்குக் கிடைத்தவை 4 வாக்குகள் மட்டுமே.

டாட்டன்ஹம் அழுதுகொண்டிருக்கவில்லை; அடுத்த ஆண்டே இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்று மேலே ஏறியது. பார்ன்ஸ்லியின் கதை அப்படி அமையவில்லை. அது நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் ஊர். 1922இல் அக்கழகம் ஸ்டோக்கோடு சமமான புள்ளிகள் பெற்றும், கோல் விகிதத்தில் பின்தங்கி மீண்டும் மூன்றாவதாக நின்றது. இரண்டும் ஏமாற்றந்தான். ஆயினும் வேறுபாட்டைக் கவனியுங்கள். 1922இல் ஒரு கோல் கூடுதலாக அடித்திருக்கலாமே என்று தன்னைத்தானே நொந்துகொள்ளலாம். 1919இல் நொந்துகொள்வதற்கு ஆட்டத்தில் ஒரு குறையும் இல்லை.

பின்னர் பார்ன்ஸ்லி மூன்றாம் பிரிவுக்கும் நான்காம் பிரிவுக்கும்கூட இறங்கிப் பார்த்தது. 1992இல் பிரிமியர் லீக் தனியே பிரிந்தபோது, பழைய இரண்டாம் பிரிவு 'முதற் பிரிவு' என்று பெயர் பெற்றது. 2004 முதல் அதற்குச் 'சாம்பியன்ஷிப்' என்று பெயர். பெயர் எதுவானாலும் அது இரண்டாம் படிதான். அந்தப் படியில் 1997இல் பார்ன்ஸ்லி இரண்டாம் இடம் பெற்று, தன் வரலாற்றில் முதன்முறையாக உச்சப் பிரிவுக்கு ஏறியது. வாக்கெடுப்பு நடந்து 78 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊரின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவிட்ட காலம் அது. மறு ஆண்டே கழகம் கீழே இறங்கியது. ஆனாலும் அந்த ஓராண்டு எவரிடமும் கேட்டு வாங்கியதன்று.

லீக்கின் அடிமட்டத்தில் வாக்கு முறை 1986 வரை நீடித்தது. 1987இல்தான் கடைசிக் கழகமான லிங்கன் சிட்டி தானாக வெளியேற, ஸ்கார்பரோ தானாக உள்ளே வந்தது. ஆக, 1888இல் தொடங்கிய ஏணியின் எல்லாப் படிகளையும் ஆட்டத்தின் கையில் ஒப்படைக்க ஏறக்குறைய நூறாண்டுகள் ஆயின.

இதையெல்லாம் கேட்ட பிறகு ஆர்சனல் ரசிகனான மாணவன் சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு, "அதற்கப்புறம் ஆர்சனல் இறங்கவே இல்லையே, சார்" என்றான். உண்மைதான், 1919இல் ஏறிய ஆர்சனல் இன்றுவரை இறங்கியதில்லை. கிடைத்த இடத்திற்குத் தகுதியானது என்று அது பின்னாளில் காட்டிவிட்டது. ஆனால் பார்ன்ஸ்லிக்கு அப்படிக் காட்டும் வாய்ப்பே அன்று கிடைக்கவில்லை. இறங்குவது இழிவன்று, நேயர்களே. இறங்கியவர் ஏறுவதற்குப் படி இருக்கிறது. ஏற உரியவருக்குப் படியை மறைப்பதுதான் இழிவு.