மணற்கடிகாரமும் எட்டு நிமிடமும்

புதுச்சேரியில் என் சிறுவயதில் பூசை லத்தீனில் நடக்கும். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு அங்கங்கே ஒரு சொல் பிடிபடும். பாட்டிக்கு ஒன்றும் புரியாது. பிரசங்கம் மட்டும் தமிழில். அது எவ்வளவு நீண்டாலும் பாட்டி சலித்ததில்லை. "எனக்குப் புரியறது அது ஒண்ணுதானேடா" என்பார்கள்.

நீண்ட பிரசங்கம் பழைய கதை. துரோவா ஊரில் புனித சின்னப்பர் நடுச்சாமம் வரை பேசினார். ஜன்னலில் உட்கார்ந்திருந்த வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். அவனை உயிரோடு மீட்டபின், சின்னப்பர் விடியும்வரை பேசினார்!

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிரசங்க மேடையருகே மணற்கடிகாரம் வைத்தார்கள். மணல் இறங்க ஒரு மணி நேரம். சிலர் அதைத் திருப்பி வைத்து மேலும் பேசினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பலருக்கு வேதம் விளங்கிய இடம் அதுதான். ஆனால் 1736இல் ஓவியர் ஹோகார்த் வெளியிட்ட படத்தில் மணற்கடிகாரம் அப்படியே இருக்கிறது, சபையோ தூங்குகிறது.

1960களில், இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், பூசை தமிழுக்கு வந்தது. 2024இல் பாப்பரசர் பிரான்சிஸ், மறையுரை எட்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம் என்றார்.

என் முழங்கால் அவர் பக்கம்தான். பூசை முழுவதும் புரிகிற எனக்கு எட்டு நிமிடம் போதும். பாட்டிக்குப் போதாது. வேறு வாசல் இல்லாதவர்களுக்கு அந்த ஒரு வாசல்தானே திறந்திருந்தது!