அப்பாவின் தோளில் இல்லாத துண்டு

இது கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள்.

போன மாதம் என் அண்ணன் மகன் ஃபோன் செய்தான். "அத்தை, புது வீட்டு ஹால்ல தாத்தா படம் மாட்டணும். உங்ககிட்ட இருக்கிற பழைய குரூப் ஃபோட்டோல இருந்து தாத்தாவை மட்டும் கட் பண்ணிக் குடுங்களேன்" என்றான்.

"அதுக்கென்னடா, செஞ்சுட்டாப் போச்சு" என்று சொல்லிவிட்டேன். வெட்டுவது அவ்வளவு சுலபமில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

மாலை போட்ட அப்பா படம் ஒன்று எங்கள் முடிச்சூர் வீட்டில் 1983 முதல் தொங்கியது. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 2015 டிசம்பர் 1ஆம் தேதி பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர். அடையாறு கரை மீறி வரதராஜபுரம், முடிச்சூர் தெருக்களுக்குள் வந்தது. எங்கள் வீட்டுக்குள் ஆளுயரத் தண்ணீர். வடிந்த பிறகு பார்த்தால், அப்பா படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. ஃபோட்டோத் தாளின் மேல்பூச்சில் ஜெலட்டின் இருக்கிறது. அது நனைந்தால் ஊறிப் பசையாகும். காய்ந்தால் கண்ணாடியை விடாது. பிரித்து எடுக்கப் பார்த்தோம். முகம் கண்ணாடியோடு போய்விட்டது.

தப்பியது பரணில் இருந்த டிரங்குப் பெட்டி. அதன் அடியில், அம்மாவின் புடவைக்குக் கீழே, 1964இல் தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து ஸ்டூடியோவில் எடுத்த குடும்பப் படம் இருந்தது. 1983இல் அப்பா தவறியபோது அந்தப் படத்திலிருந்துதான் பெரிதாக்கி மாட்டினோம்.

அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு சேலையூரில் என் பழைய மாணவன் நடத்தும் டி.டி.பி. கடைக்குப் போனேன். எட்டாம் வகுப்பில் நோட்டுப் புத்தகம் முழுக்கப் படம் வரைந்து என்னிடம் திட்டு வாங்கியவன். "டீச்சர், நீங்க உட்காருங்க, நான் பாத்துக்கறேன்" என்று படத்தை ஸ்கேனரில் வைத்தான். திரையில் அப்பா தோள் பெரிதாக வந்தது.

தோளில் துண்டு இல்லை. நான்கு சின்ன விரல்கள் இருந்தன.

சுவரில் இருந்த படத்தில் அப்பா இடது தோளில் மடித்த துண்டு போட்டிருப்பார். பேரப் பிள்ளைகள் எல்லோரும் "தாத்தா எப்பவும் துண்டு போட்டிருப்பாராம்" என்றே சொல்லி வளர்ந்தார்கள். அப்பாவுக்குத் துண்டு போடும் பழக்கமே கிடையாது. மரியாதைக்காக ஸ்டூடியோக்காரர் வரைந்து சேர்த்தார் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அது எதை மறைக்கிறது என்று 32 வருடம் நான் யோசித்ததே இல்லை.

அந்த விரல்கள் என் தங்கையுடையவை. நாலு வயது. ஸ்டூலின் மேல் ஏற்றி நிறுத்தி, அப்பா தோளில் கை வைக்கச் சொல்லி எடுத்த படம் அது. அடுத்த வருடம் காய்ச்சலில் போய்விட்டாள். அவளுக்கு வேறு படம் கிடையாது. அவள் பேச்சை எடுத்தாலே அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். படம் ஏன் பெட்டியின் அடியில் கிடந்தது என்று எனக்குத் தெரியும்.

ஒரு உருவத்தைப் படத்திலிருந்து வெட்டி எடுக்கும் கலை எங்கிருந்து வந்தது என்று அன்றிரவே படிக்க ஆரம்பித்தேன். சமூக அறிவியல் நடத்திய பழக்கம் விடுமா?

இது கம்ப்யூட்டர் கொண்டுவந்த வித்தை இல்லை. புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். அடுத்த இருபது ஆண்டுக்குள்ளேயே கத்தரியும் தூரிகையும் வந்துவிட்டன. 1857இல் இங்கிலாந்தில் ஆஸ்கர் ரெய்லாண்டர் என்பவர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை இணைத்து ஒரே காட்சியாக அச்சிட்டார். தனித்தனியாக எடுத்த ஆட்கள் ஒரே கூடத்தில் நிற்பதுபோல் இருக்கும்.

நம் ஊர்க் கதையும் அதே காலத்தில்தான் தொடங்குகிறது. சென்னை மாகாண அரசுக்காகப் படமெடுத்த லினியஸ் டிரைப் 1858இல் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குப் போனார். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டு எந்தக் கேமராவிலும் ஒரே சட்டத்துக்குள் அடங்காது. பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை வரிசையாக ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். இதே டிரைப் தம் நெகட்டிவ்களில் மரத்து இலைகளையும் வானத்தையும் சாயம் தொட்டுத் திருத்தியும் இருக்கிறார். அந்தக் காலத்து ரசாயனம் நீல நிறத்துக்கு அளவுக்கு மீறி மசியும். வானம் அச்சில் சரியாக வராது. உள்ளதைக் காட்டுவதற்கும் கைவேலை தேவைப்பட்டது.

இந்தக் கைவேலை பிறகு ஸ்டூடியோக்களுக்கு வந்தது. எங்கள் தலைமுறைக்கு நினைவிருக்கும். ஒருவர் தவறிவிட்டால் தனிப் படம் இருக்காது. கல்யாண குரூப்பில் மூன்றாவது வரிசையில் நிற்பார். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பெரிதாக்கி, பக்கத்தில் நிற்பவர்களைச் சாயத்தால் மறைத்து, காலர், துண்டு, நெற்றித் திலகம் எல்லாம் தூரிகையால் தீட்டித் தருவார்கள். அதை 'ஃபினிஷிங்' என்பார்கள். ஒன்றாகப் படமே எடுத்துக்கொள்ளாத கணவனையும் மனைவியையும் வெவ்வேறு படங்களிலிருந்து எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்து வைப்பதும் உண்டு. பல வீடுகளில் அதுதான் அவர்களுடைய ஒரே ஜோடிப் படம். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி எடுத்து ஸ்கேன் செய்து பாதுகாத்திருக்கிறார்கள். நாம் பழைய குப்பை என்று நினைப்பது அவர்களுக்கு வரலாற்றுச் சான்று. உடை, நகை, நாற்காலி, பின்னால் தொங்கும் திரை, யார் உட்கார்ந்தார், யார் நின்றார் எல்லாமே அவர்களுக்குப் பாடம்.

பொய்யாகவும் வெட்டலாம். ஸ்டாலினோடு கால்வாய் ஓரம் நிற்கும் படத்தில் இருந்தவர் யெஷோவ், ரகசியப் போலீஸ் தலைவர். 1940இல் அவரைக் கொன்றார்கள். பிறகு வந்த படத்தில் அவர் நின்ற இடத்தில் தண்ணீர்தான் இருக்கிறது. எங்கள் ஸ்டூடியோக்காரர் செய்ததும் அதே வேலைதான், நோக்கம் மட்டும் வேறு. அங்கே பயத்தில் செய்தார்கள்; இங்கே ஒரு தாயின் துக்கத்துக்காகச் செய்தார்கள். ஆனால் முடிவு ஒன்றாகிவிட்டது. பின்னால் வந்தவர்களுக்கு அப்படி ஒருத்தி இருந்ததே தெரியாமல் போனது.

இனி கம்ப்யூட்டர் கதை. உலகில் முதன்முதலில் ஸ்கேன் செய்த படம் எது தெரியுமா? ஒரு குழந்தைப் படம்! 1957இல் அமெரிக்காவில் ரஸல் கிர்ஷ் என்ற விஞ்ஞானி தன் மூன்று மாத மகனின் புகைப்படத்தைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார். 176க்கு 176, மொத்தம் 30,976 புள்ளிகள். இன்று 600 டி.பி.ஐ. அளவில் ஸ்கேன் செய்தால் ஒரு சதுர அங்குலத்திலேயே 3,60,000 புள்ளிகள் வருகின்றன. ஆனால் எத்தனை வந்தாலும் அவை சதுரங்கள்தான். நம் தலைமுடியோ வேட்டி மடிப்போ சதுரமாகவா இருக்கிறது? உருவத்தின் ஓரம் பாதி உருவமாகவும் பாதி பின்னணியாகவும் இருக்கும் புள்ளிகளின் மேல்தான் ஓடும். வெட்டும் வேலையின் சிரமமெல்லாம் அந்த ஓரத்தில்தான். கிர்ஷ் தம் முதுமையில், சதுரப் புள்ளி சரியில்லை என்று வேறு வடிவங்களை முயன்று பார்த்தாராம்.

ஃபோட்டோஷாப் 1990 பிப்ரவரியில் வந்தது. தாமஸ், ஜான் என்ற நோல் சகோதரர்கள் தொடங்கியது. அதைத் திறக்கும்போது ஓடும் பெயர்ப் பட்டியலில் சீதாராமன் நாராயணன் என்ற பெயரைப் பார்த்து நம் பிள்ளைகள் பெருமைப்பட்டது உண்டு. முதல் பதிப்பிலேயே லாஸோ இருந்தது. லாஸோ என்றால் மாடு பிடிக்கும் சுருக்குக் கயிறு. மவுஸால் உருவத்தைச் சுற்றிக் கயிறு போடுவது. ஒரே நிறத்தைத் தானாகப் பொறுக்கும் மந்திரக்கோலும் இருந்தது. 1994இல் லேயர் வந்தது. 1998இல் ஓரத்தைத் தானே தேடி ஒட்டிக்கொள்ளும் காந்த லாஸோ வந்தது.

என் மாணவன் முதலில் மந்திரக்கோலைத்தான் போட்டான். அப்பாவின் வெள்ளைச் சட்டையும் பின்னால் தொங்கிய வெளிறிய திரையும் ஒரே நிறம். சட்டையில் பாதி திரையோடு போய்விட்டது. "பழைய கறுப்பு வெள்ளைக்கு இது ஒத்துவராது டீச்சர், பென் டூல்தான்" என்றான். அதில் அங்கங்கே புள்ளி வைத்தால், புள்ளிகளுக்கு நடுவே வளைகோடு தானாக ஓடும். நம் சிக்குக் கோலம் மாதிரி. அந்த வளைகோட்டுக் கணக்கு பிரான்ஸ் நாட்டுக் கார் கம்பெனிகளில் பிறந்தது. ரெனோ கம்பெனியின் பெசியே 1960களில் கார் உடம்பின் வளைவுகளை வரைய அதைப் பயன்படுத்தினார். அதற்கு முன்பே சிட்ரோயன் கம்பெனியில் தெ காஸ்தெல்ஜோ கண்டுபிடித்திருந்தார். கம்பெனி ரகசியம் என்று வெளியே விடவில்லை. கார் கதவுக்கு வந்த கணக்கு, எங்கள் அப்பாவின் சட்டைக் காலரைச் சுற்றி வந்தது.

சட்டைக்கும் நாற்காலிக்கும் பென் டூல். முடிக்கு மட்டும் மென்மையான தூரிகை. எதையும் அழிக்கவில்லை, 'மாஸ்க்' போட்டான். கறுப்புத் தீட்டினால் மறையும், வெள்ளை தீட்டினால் திரும்ப வரும். அசல் அப்படியே அடியில் இருக்கும். 1983இல் தூரிகை பிடித்தவருக்கு இந்த வசதி இல்லை.

தோளுக்கு வந்ததும் கை நின்றது. "டீச்சர், விரலை என்ன செய்ய? நம்ம துண்டு வரையலாம். இல்லேன்னா ஏ.ஐ.யே சட்டைத் துணியைப் போட்டு நிரப்பிடும், யாருக்கும் தெரியாது" என்றான்.

யாருக்கும் தெரியாது என்றதுதான் என்னை உறுத்தியது. பழைய துண்டு வரைந்த துண்டு என்று உற்றுப் பார்த்தால் தெரியும். இந்தச் சட்டையை எந்தப் பேரனாலும் கண்டுபிடிக்க முடியாது.

"விரல் இருக்கட்டும்ப்பா" என்றேன்.

"இருந்தா கை அந்தரத்துல நிக்கும் டீச்சர்."

உண்மைதான். மணிக்கட்டோடு வெட்டினால் பார்க்கவே முடியாது. கை வேண்டுமென்றால் கைக்குச் சொந்தக்காரியும் வேண்டும். வேறு வழியில்லை.

அண்ணனுக்கு ஃபோன் செய்தேன். அவருக்கு இப்போது 72 வயது. புது வீட்டில் சின்னதிலேயே போன பிள்ளையின் படத்தை வைக்கலாமா என்று தயங்கினார். அம்மாதான் 1983இல் 'அவர் மட்டும் இருக்கிற மாதிரி' கேட்டதாகச் சொன்னார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா அன்னிக்கு அவளைத்தான் தூக்கிட்டு ஸ்டூடியோவுக்கு வந்தார். ரெண்டு பேருமே இருக்கட்டும்" என்றார்.

இப்போது புது வீட்டு ஹாலில் அப்பாவும் தங்கையும் இருக்கிறார்கள். திரையை எடுத்துவிட்டு வெளிர் சாம்பல் நிறம் கொடுத்தோம். துண்டு இல்லை. அண்ணன் மகன், "இந்தப் பாப்பா யாரு அத்தை?" என்று கேட்டான். நாற்பது வயதுக்காரனுக்கு முதல் தடவையாக அவன் அத்தை பெயரைச் சொன்னேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று ஃபோனில் விரலை அழுத்திப் பிடித்தாலே உருவம் தனியாக வந்துவிடுகிறது. வெட்டுங்கள், தப்பில்லை. ஆனால் முதலில் முழுப் படத்தையும் ஓரம்வரை, பின்பக்கத்தையும் சேர்த்து, 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்யுங்கள். முடிந்தால் டிஃப் கோப்பாக வையுங்கள். ஜேபெக்கில் ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். இரண்டு இடங்களில் வையுங்கள், அதில் ஒன்று வெள்ளம் வராத ஊரில் இருக்கட்டும். அசலில் கத்தரி வைக்காதீர்கள். யார் யார் நிற்கிறார்கள் என்று மென்மையான பென்சிலால் பின்னால் எழுதுங்கள். எதையாவது நீக்கினால், சேர்த்தால், அதையும் எழுதுங்கள்.

எங்கள் படத்தின் பின்னால் எழுதிவிட்டேன். ஆறு பெயர்கள், 1964, தாம்பரம். ஹாலில் உள்ள படத்தின் பின்னால், "பின்திரை நீக்கியது. வேறு எதுவும் மாற்றவில்லை."

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கும். அடுத்த மழைக்கு முன்னால் ஒருமுறை இறக்கிப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்