மிகைப்பயிற்சி: நான்கு நாள் முறை முதல் இன்று வரை

போதிய ஓய்வின்றித் தொடர்ந்து கடும் பயிற்சி செய்யும் விளையாட்டு வீரரின் திறன், கூடுவதற்குப் பதிலாகக் குறைந்துகொண்டே போவதும், சில நாள் ஓய்வுக்குப் பின்னும் மீளாதிருப்பதும் மிகைப்பயிற்சி எனப்படுகிறது. தீராத களைப்பு, தூக்கக் குறைவு, எரிச்சல், அடிக்கடி சளி பிடித்தல் முதலியன இதன் அறிகுறிகள். பயிற்சியின் அளவு பற்றிய கவலை பண்டைக் கிரேக்கத்திலேயே தொடங்கிவிட்டது.

பண்டைக் காலம்

ஹிப்போகிரட்டீஸின் பெயரில் வழங்கும் மருத்துவ நூல், வீரர் உடல்நிலையின் உச்சத்தை எட்டுவதே ஆபத்து என்றது. உச்சத்தில் நிலைத்திருக்க முடியாது. அதற்கு மேல் சரிவுதான் என்பது அதன் வாதம்.

பின்னர் கிரேக்கப் பயிற்சியாளர்கள் நான்கு நாள் சுழற்சி முறையைக் கையாண்டனர். முதல் நாள் உடலைத் தயார் செய்தல், இரண்டாம் நாள் முழு வலிமையோடு பயிற்சி, மூன்றாம் நாள் தளர்வு, நான்காம் நாள் மிதமான பயிற்சி. ஓய்வுக்கு இடமளித்த இம்முறையும் ஓர் உயிரைப் பறித்தது.

3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பிலோஸ்ட்ராடஸ், தம் உடற்பயிற்சி நூலில் கெரெனஸ் என்ற மல்லரின் முடிவைப் பதிவு செய்துள்ளார். ஒலிம்பியாவில் வென்ற அவர், நண்பர்களுடன் விருந்துண்டு மது அருந்தினார். மறுநாள் உடல்நலமின்றிப் பயிற்சிக் கூடத்திற்கு வந்து, தம் நிலையைப் பயிற்சியாளரிடம் கூறினார். சுழற்சி தடைப்படுகிறதே என்று சினந்த பயிற்சியாளர் அவரை வற்புறுத்திப் பயிற்சி செய்ய வைத்தார். கெரெனஸ் பயிற்சியின்போதே இறந்தார். வீரரின் அன்றைய நிலையைப் பாராமல் அட்டவணையை மட்டும் பின்பற்றுவதே தவறு என்பது பிலோஸ்ட்ராடஸின் முடிவு.

நவீன காலம்

1936இல் ஹான்ஸ் செல்யே, எலிகளில் செய்த சோதனைகளின் அடிப்படையில், நெருக்கடிக்கு உள்ளாகும் உடல் முதலில் அதிர்கிறது, பின் தாங்குகிறது, நெருக்கடி நீடித்தால் சோர்ந்து வீழ்கிறது என்று விளக்கினார். இக்கருத்து பயிற்சித் துறையிலும் பரவியது. 1960களில் சோவியத் அறிஞர் லெவ் மத்வேயெவ், ஆண்டுப் பயிற்சியைப் பல கட்டங்களாகப் பிரிக்கும் முறையை வகுத்தார். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் பில் பவர்மேன், கடும் பயிற்சி நாளை அடுத்து எளிய நாள் வருமாறு தம் ஓட்டக்காரர்களைப் பழக்கினார்.

மீட்சியும் தடுப்பும்

2013இல் ஐரோப்பிய, அமெரிக்க விளையாட்டு அறிவியல், மருத்துவ அமைப்புகள் இணைந்து வெளியிட்ட அறிக்கை, மிகைப்பயிற்சியை உறுதிசெய்யும் தனியொரு சோதனை இல்லை என்றது. இரத்தச் சோகை, நோய்த்தொற்று, போதிய உணவின்மை போன்ற பிற காரணங்கள் இல்லையென்று கண்டறிந்த பிறகே இதை முடிவு செய்ய வேண்டும். முதன்மையான சிகிச்சை ஓய்வே; மீள்வதற்குப் பல மாதங்கள் ஆகலாம்.

பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டுதல், வாரந்தோறும் ஓய்வு நாள், நிறைவான தூக்கம், செலவாகும் ஆற்றலுக்கேற்ற உணவு ஆகியவை தடுப்பு வழிகள். தூக்கம், மனநிலை, களைப்பு ஆகியவற்றை வீரர் நாள்தோறும் குறித்து வருவதும், அக்குறிப்பைப் பார்த்துப் பயிற்சியாளர் அன்றைய பயிற்சியை மாற்றத் தயங்காதிருப்பதும் இன்றியமையாதவை. கெரெனஸுக்குக் கிடைக்காமற் போனது இதுவே.